ஏழாவது எண்ணுக்கு இடம்

ரொறன்ரோ நகரின் மக்கள்தொகை 1996இல் 2,385,421. 2001இல் 2,481,494. 2006இல் 2,503,281. 2011இல் 2,615,060. 2016இல் 2,731,571. 2021இல் 2,794,356. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கனடியக் கணக்கெடுப்பு தந்த ஆறு எண்கள் இவை. வரிசையாகப் படிக்கிறவருக்கு மூன்றாவது எண்ணிலேயே கண் சோர்ந்துவிடும். இதையே ஆறு பட்டைகளாக நிறுத்திவைத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் கதை விளங்கும். நகரம் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 2001க்கும் 2006க்கும் இடையில் மட்டும் ஒரு விழுக்காடுகூட ஏறாமல் ஏறக்குறைய நின்றுபோயிருக்கிறது.

ஆறு பட்டை வரைவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஸ்காபரோவில் கல்யாணப் பத்திரிகையும் மாத இதழும் வடிவமைக்கிற எவரும் பத்து நிமிடத்தில் ஆறு செவ்வகம் இழுத்து, நிறம் பூசி, தலைப்புப் போட்டுக் கொடுத்துவிடுவார். தொல்லை மறுநாள்தான் வரும். ஓர் எண் பிழை என்று தொலைபேசி வரும். வேறொரு இதழ் அதே படத்தைக் கால்பக்க அளவில் கேட்கும். ஐந்து ஆண்டு கழித்துப் புதிய கணக்கெடுப்பு வரும். கண்ணால் அளந்து கையால் இழுத்த செவ்வகத்துக்குத் தான் எந்த எண்ணைச் சுமக்கிறோம் என்பது தெரியாது. ஆகவே ஒவ்வொரு தடவையும் தொடக்கத்திலிருந்து வேலை.

எண்ணும் பட்டையும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தால் நிலைமை வேறு. அட்டவணையில் எண்ணை மாற்றினால் பட்டை தானாக உயரும், தாழும். நிறமும் எழுத்துருவும் இதழின் விருப்பப்படி இருக்கும். வெக்டர் வடிவமைப்பு மென்பொருளில் இதைச் செய்ய முடியும் என்பது பலருக்குத் தெரியும். செய்கிறவர்கள் குறைவு. தமிழ் இதழ்களில் மிகக் குறைவு.

பட்டை விளக்கப்படம் பிறந்தபோது இந்த வசதி கிடையாது. ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட வணிக, அரசியல் படநூலில் ஸ்கொட்லாந்தின் ஓர் ஆண்டு ஏற்றுமதி, இறக்குமதியைப் பட்டைகளாகக் காட்டினார். அந்தப் படங்கள் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவை. ஓர் எண் மாறினால் உளி எடுக்க வேண்டும். இருநூறு ஆண்டுக்குப் பிறகு, கணினியும் கையுமாக இருக்கும் ஒருவர் ஒவ்வொரு பட்டையையும் கையால் நீட்டிக்கொண்டிருப்பதும் செம்பில் செதுக்குகிற வேலைதான்.

வெக்டர் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கைத்தொலைபேசியில் எடுத்த புகைப்படம் புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடையும். வெக்டர் படம் புள்ளிகளைச் சேமிப்பதில்லை, வரையும் முறையைச் சேமிக்கிறது. இந்த இடத்தில் தொடங்கு, இவ்வளவு உயரம் போ, இந்த நிறம் நிரப்பு என்ற கட்டளைகள் அதில் இருக்கின்றன. வளைகோடுகளுக்கான கணிதம் பிரான்சின் கார் ஆலைகளில் உருவானது. ரெனோ நிறுவனத்தின் பியேர் பெசியேயும் சிட்ரோயென் நிறுவனத்தின் போல் டி காஸ்டெல்ஜோவும் காரின் உடல் வளைவை எண்களால் சொல்ல வழி தேடியதன் பயன் அது. இணையத்தில் இன்று பரவலாக உள்ள எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பு வகை 2001இல் தரமாக ஏற்கப்பட்டது. அந்தக் கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தால், செவ்வகத்தின் உயரம் எண்ணாகவே எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். விளக்கப்படத்துக்கு இதைவிடப் பொருத்தமான வீடு வேறில்லை. படமும் எண், தரவும் எண்.

அடோபி இல்லஸ்ட்ரேட்டர் 1987இல் வந்தது. 1990இல் வெளியான மூன்றாம் பதிப்பிலேயே விளக்கப்படக் கருவி சேர்ந்துவிட்டது. ஜே என்ற விசையைத் தட்டினால் அது கைக்கு வரும். நிற்கும் பட்டை, படுக்கைப் பட்டை, இவை இரண்டின் அடுக்குப் பட்டைகள், கோடு, பரப்பு, சிதறல், வட்டம், சிலந்திவலை என்று மொத்தம் ஒன்பது வகை. பக்கத்தில் ஒரு கட்டம் இழுத்தால் சிறிய அட்டவணை ஒன்று திறக்கும். எண்ணை அதில் தட்டலாம், எக்செல்லிலிருந்து பிரதி எடுத்து ஒட்டலாம். முப்பது ஆண்டுக்கு மேலாகப் பெரிதாக மாறாத கருவி இது. அதன் முதுமை சில இடங்களில் பளிச்சென்று தெரியும். ஆனாலும் வேலை செய்கிறது.

அந்த முதுமையின் முதல் அடையாளத்தை நம் ஆறு எண்களே காட்டிக்கொடுக்கும். 1996, 2001, 2006 என்ற ஆண்டுகளை முதல் நெடுவரிசையில் அப்படியே தட்டினால், மென்பொருள் அவற்றையும் மக்கள்தொகை என்றே எண்ணிக்கொள்ளும். இருபது இலட்சம் உயரப் பட்டைக்குப் பக்கத்தில் இரண்டாயிரம் உயரத்துக்குக் கண்ணுக்கே தெரியாத ஒரு பட்டை முளைக்கும். ஆண்டு என்பது பெயர், எண் அல்ல என்று சொல்ல அதை நேரான இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். அழகாக வளைந்த மேற்கோள் குறி இங்கே உதவாது. இரண்டாவது, எண்ணில் கமா கூடாது. 2,794,356 என்று போட்டால் கருவி குழம்பும். 2794356 என்றே கொடுக்க வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு தொடருக்கும் பெயர் கொடுத்து நிறவிளக்கம் வர வேண்டுமானால் இடது மேல்மூலைக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். நீண்ட தமிழ்ப் பெயர் ஒரு வரியில் அடங்காவிட்டால், உடைக்க வேண்டிய இடத்தில் செங்குத்துக் கோடு ஒன்றைத் தட்டினால் மிச்சம் அடுத்த வரிக்கு இறங்கும். இந்த நாலைந்து செய்தி தெரியாமல் கருவியையே வெறுத்து ஒதுக்கியவர்கள் உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய பிழை அதற்குப் பிறகு நடக்கிறது. பட்டைகள் வந்து நின்றதும், ஒரு பட்டைக்கு மட்டும் வேறு நிறம் கொடுக்கத் தோன்றும். படம் முழுவதும் ஒரே குழுவாகக் கட்டப்பட்டிருப்பதால் தனிப் பட்டை கைக்கு அகப்படாது. உடனே குழுவைப் பிரித்துவிடுவார்கள். மென்பொருள் எச்சரிக்கை காட்டும்; அதைப் படிக்காமலே சரி என்று அழுத்துவார்கள். அந்த நொடியில் எண்ணுக்கும் பட்டைக்கும் இருந்த தொப்புள்கொடி அறுந்துபோகிறது. வெளித்தோற்றத்தில் ஒரு மாற்றமும் இராது. அடுத்த திருத்தம் வரும்போதுதான் அட்டவணை காணாமல் போனது தெரியும். குழுவைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதைத் தேர்ந்தெடுக்கத் தனியாக ஒரு அம்பு இருக்கிறது. அதனால் ஒரு பட்டையை ஒருமுறை தட்டினால் அந்தப் பட்டை மட்டும் அகப்படும். மறுபடி தட்டினால் அதே தொடரின் எல்லாப் பட்டைகளும், இன்னொரு தட்டில் நிறவிளக்கமும் சேரும். நிறம், கோடு, எழுத்துரு எதை வேண்டுமானாலும் மாற்றலாம். கட்டு அறாது.

பட்டைக்குப் பதிலாகச் சிறு உருவங்களை நிறுத்தவும் இந்தக் கருவியில் வழி உண்டு. அது வியன்னாவிலிருந்து வந்த மரபு. ஒட்டோ நியூரத் 1925இல் அங்கே தொடங்கிய அருங்காட்சியகத்தில், எழுத்து வாசனை குறைந்த தொழிலாளருக்கும் விளங்கும்படி புள்ளிவிவரங்களைச் சின்னங்களாக்கினார். மரீ நியூரத் தரவைப் படமாக்கும் பணியில் துணைநின்றார்; சின்னங்களை வரைந்தவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ். அவர்கள் கட்டிக்காத்த முக்கிய விதி ஒன்று: தொகை கூடினால் சின்னத்தைப் பெருப்பிக்காதே, எண்ணிக்கையைக் கூட்டு. இல்லஸ்ட்ரேட்டரில் இரண்டு வழியும் கிடைக்கும். சின்னத்தை எல்லாப் பக்கமும் பெருப்பிக்கும் வழியைத் தேர்ந்தால், உயரம் இரு மடங்காகும்போது பரப்பு நான்கு மடங்காகிவிடும். பார்ப்பவர் மனம் நான்கு மடங்கு என்றே பதிந்துகொள்ளும். மறுபடி மறுபடி அடுக்கும் வழியைத் தேர்ந்து, ஒரு மனித உருவம் ஓர் இலட்சம் பேர் என்று சொல்லிவிட்டால், 2021க்கு 27 முழு உருவங்களும் 28ஆவதில் பத்தில் ஒன்பது பங்கும் நிற்கும். மிச்சத்தை வெட்டிக் காட்டவா, சுருக்கிக் காட்டவா என்றுகூட மென்பொருள் கேட்கும். வெட்டுவதே நேர்மை.

நேர்மை என்று வந்துவிட்டதால் படத்தின் செங்குத்து அச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஆறு பட்டைகளைச் சுழியிலிருந்து தொடங்கினால், கடைசிப் பட்டை முதலாவதைவிட 17 விழுக்காடு உயரமாக நிற்கும். உண்மையும் அதுதான். அச்சை 23 இலட்சத்திலிருந்து தொடங்கினால் முதற்பட்டையின் உயரம் 85,421, கடைசிப் பட்டையின் உயரம் 494,356. நகரம் கால் நூற்றாண்டில் ஏறத்தாழ ஆறு மடங்கு பெருத்துவிட்டது போலத் தோன்றும். ஓர் எண்ணும் பொய் இல்லை, படம் மட்டும் பொய். மென்பொருளில் அச்சின் தொடக்கத்தை மாற்ற ஒரு பெட்டியில் ஓர் எண் தட்டினால் போதும் என்பதால் இந்தப் பொய் மிக மலிவானது.

அதைவிட ஆழமான பொறி 1996இல் இருக்கிறது. இன்றைய ரொறன்ரோ 1998 ஜனவரி 1ஆம் தேதி பிறந்தது. பழைய ரொறன்ரோ, நோர்த் யோர்க், ஸ்காபரோ, எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ற் யோர்க் என்ற ஆறு நகராட்சிகளை ஒன்றிணைத்த நாள் அது. 1996 கணக்கெடுப்பில் ரொறன்ரோ நகரம் என்று தேடினால் 653,734 என்ற பழைய நகரின் எண் வரும். ஸ்காபரோ தனியாக 558,960 என்று நிற்கும். ஆறையும் கூட்டினால்தான் 2,385,421. பழைய எண்ணை எடுத்து 2001க்குப் பக்கத்தில் நிறுத்தியவர், நகரம் ஐந்தே ஆண்டில் கிட்டத்தட்ட நான்கு மடங்கானது என்று அச்சடித்துவிடுவார். எந்த மென்பொருளும் இதைப் பிடித்துத் தராது. படத்தின் அடியில் ஒரு வரிக் குறிப்புத்தான் வாசகரைக் காப்பாற்றும்.

கனடாவுக்கு இந்தத் துறையில் சொந்தக் கதை உண்டு. மைக்கேல் கௌப்லண்ட் 1985இல் ஒட்டாவாவில் தொடங்கிய கோரல் நிறுவனம் 1989இல் கோரல்டிரா மென்பொருளைக் கொண்டுவந்தது. 1992இல் வந்த மூன்றாம் பதிப்பில் கோரல்சார்ட் என்று விளக்கப்படத்துக்கெனத் தனி மென்பொருளே கூட வந்தது. பின்னாளைய தொகுப்புகளில் அது இல்லாமல் போனது. சிவகாசி நாட்காட்டி, கல்யாணப் பத்திரிகை, தெருமுனை ஃபிளெக்ஸ் பலகை என்று தமிழ்நாட்டு அச்சுலகில் ஒரு தலைமுறையின் கையைப் பழக்கியது இந்த ஒட்டாவா மென்பொருள். அந்தத் தலைமுறை விளக்கப்படம் என்றால் செவ்வகம் இழுப்பதாகவே கற்றுக்கொண்டது துரதிர்ஷ்டம்.

ரொறன்ரோவிலும் இரண்டு இடங்களைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, அவென்சா சிஸ்டம்ஸ். நிலப்படம் செய்கிறவர்களுக்காக இந்த நிறுவனம் ஆக்கிய மேப்பப்ளிஷர், இல்லஸ்ட்ரேட்டருக்குள் செருகி வேலை செய்யும் துணை மென்பொருள். அதில் திறந்த நிலப்படத்தில் ஒவ்வொரு வட்டாரத்தின் எல்லைக்கோட்டோடும் அதன் தரவும் ஒட்டியே இருக்கும். மக்கள்தொகைக்கு ஏற்ப நிறத்தை மாற்று என்றால் எல்லா வட்டாரமும் ஒரே வீச்சில் நிறம் மாறும். 2020 மே மாத இறுதியில் ரொறன்ரோ மாநகரம் கொவிட் தொற்றை வட்டாரவாரியாக நிலப்படத்தில் வெளியிட்டபோது, வடமேற்கு மூலையும் ஸ்காபரோவின் சில பகுதிகளும் எவ்வளவு அடிபட்டன என்பதை மக்கள் கண்ணால் கண்டார்கள். தமிழர் செறிந்து வாழும் பகுதிகள் அவற்றுக்குள் இருந்ததால் அந்தப் படம் இங்குள்ள வீடுகளில் பேசுபொருளானது. நோய்த்தொகை ஓயாமல் மாறிக்கொண்டிருந்த காலம் அது. கையால் நிறம் பூசினால் கட்டுப்படியாகாது. அன்று 140 வட்டாரங்கள் இருந்தன. 2022இல் மாநகரம் எல்லைகளைத் திருத்தி 158 ஆக்கியது. தரவோடு கட்டிய நிலப்படம் வைத்திருந்தவர்களுக்கே அந்த மாற்றம் எளிதாக இருந்திருக்கும்.

இரண்டாவது இடம் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் டைனமிக் கிராஃபிக்ஸ் ஆய்வகம். வடிவமைப்பாளர் கையால் வரைவதும் தரவு தன்பாட்டில் இயங்குவதும் ஒரே படத்தில் பொருந்துமா என்ற கேள்விக்கு அங்கே ஒரு நல்ல பதில் கிடைத்தது. அதன் பெயர் டேட்டாஇங்க். ஹைஜுன் ஷியா, ஃபேனி ஷெவாலியே, புரூனோ டி அராஊஜோ, டேனியல் விக்டர் ஆகியோர் மைக்ரோசொஃப்ட் ஆய்வுப் பிரிவின் நத்தலி ஹென்றி ரிஷ் அவர்களோடு சேர்ந்து இதை ஆக்கி, 2018இல் மொன்றியலில் நடந்த மனிதர் கணினி உறவு பற்றிய அனைத்துலக மாநாட்டில் வெளியிட்டார்கள். தொடுதிரையில் பேனாவால் ஒரு பூவை வரையலாம். இதழின் நீளம் இந்த நெடுவரிசை, நிறம் அந்த நெடுவரிசை என்று இணைத்துவிட்டால், தரவில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு பூ முளைக்கும். ஒவ்வொன்றும் தன் எண்ணுக்கு ஏற்ற இதழோடு நிற்கும். அதே மாநாட்டில் அடோபியும் ஜோர்ஜியா டெக் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த டேட்டா இல்லஸ்ட்ரேட்டரும் அறிமுகமானது. முதலில் வரை, தரவைப் பிறகு கட்டு என்பதே அதன் வழி. முப்பது ஆண்டாக எண்ணை முதலில் கேட்டுவந்த கருவிகளுக்கு முன்னால் இவை இரண்டும் கலைஞரின் கையை முதலில் நிறுத்தின. கோலம் போடுகிறவர் முதலில் புள்ளி வைத்துப் பிறகு இழை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு, கணக்கும் கையும் எதிரிகள் அல்ல என்பது புதுச் செய்தி இல்லை.

இனித் தமிழ் எழுத்து. ரொறன்ரோவின் தமிழ் அச்சு உலகத்தில் பாமினி எழுத்துருவுக்கு நீண்ட ஆயுள். அதன் உள்ளமைப்பு தமிழே அல்ல. திரையில் தமிழ் என்று தெரியும் சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கும். அட்டவணையில் பாமினியில் தட்டிய பெயர்களை விளக்கப்படக் கருவிக்குள் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக இறங்கும். ஒவ்வொன்றையும் தேர்ந்து எழுத்துருவை மாற்ற வேண்டும். ஒருங்குறியில் தட்டியிருந்தால் அந்தத் துன்பம் இல்லை. வேறொன்று உண்டு: மென்பொருளின் பொது எழுத்துப் பொறி ‘கொ’ என்பதை உடைத்துக் கொம்பைத் தப்பான இடத்தில் நிறுத்திவிடும். இல்லஸ்ட்ரேட்டரின் விருப்பத் தேர்வுகளில் இந்திய மொழி வசதியைத் திறந்து, பத்திப் பலகத்தில் தெற்காசிய மொழிகளுக்கான பொறியைத் தேர்ந்துவிட்டால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். இது தெரியாமல், எழுத்துச் சிதைகிறதே என்று பயந்து எல்லாவற்றையும் கோட்டுருவாக மாற்றிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. கோட்டுருவான சொல் பார்வைக்குச் சொல், தன்மையில் வெறும் வளைகோடு. அதில் எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது, தேட முடியாது. அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் கோட்டுரு இருக்கட்டும். மூலக் கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும்.

பணம் கொடுத்து மென்பொருள் வாங்க முடியாதவருக்கும் கதவு மூடியிருக்கவில்லை. 2003இல் பிறந்த இங்க்ஸ்கேப் கட்டணமில்லாத வெக்டர் மென்பொருள். எஸ்விஜிதான் அதன் தாய்மொழி. மிலான் நகரத்துப் பல்கலைக்கழகக் குழு ஒன்று ஆக்கிய ரோகிராஃப்ஸ் என்ற கருவியில் அட்டவணையை ஒட்டினால் விளக்கப்படமாக்கி எஸ்விஜி கோப்பாகத் தந்துவிடும். அதை இங்க்ஸ்கேப்பில் திறந்து நிறமும் எழுத்தும் திருத்தலாம். இந்த வழியில் ஒரு குறை: திருத்தத் தொடங்கியபின் எண்ணோடு உள்ள கட்டு இல்லை. ஆகவே அட்டவணையைத் தனிக் கோப்பாகப் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். பைதான் மொழியில் படம் ஆக்குகிற மாணவர்கள் இன்னொன்றைக் கவனிக்கலாம். மேட்பிளாட்லிப் தன் இயல்பில் எழுத்துகளைக் கோட்டுருவாக்கியே எஸ்விஜி தரும். எழுத்தை எழுத்தாக விடு என்று ஒரு வரி அமைப்பில் சொல்லிவிட்டால் பிறகு திருத்தலாம்.

ரொறன்ரோவில் தமிழ் இதழ்களும் ஊர்ச் சங்கங்களும் பள்ளிக்கூடங்களும் நிறையவே விளக்கப்படம் போடுகின்றன. சங்கத்தின் வரவு செலவு, தமிழ் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் தொகை, தமிழைத் தாய்மொழியாகப் பதிந்தவர்களின் கணக்கு என்று ஆண்டுதோறும் அதே படம் புது எண்ணோடு தேவைப்படுகிறது. இந்தச் சமூகம் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவுகள் அவை. கடந்த ஆண்டு படத்தைச் செய்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், மிஞ்சுவது புள்ளி புள்ளியாய் உடையும் ஒரு ஜேபெக் கோப்பு மட்டும்தான் என்ற நிலை இருக்கக் கூடாது. மூலக் கோப்பு, அட்டவணை, எண் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு மூன்றையும் ஒரே உறையில் சங்கத்தின் பொதுக் கணக்கில் போட்டுவைப்பது அரை மணி நேர வேலை.

கனடாவின் 2026 கணக்கெடுப்பு நாள் மே 12. அதன் எண்கள் வெளியாகும் நாளில் இந்த நகரத்தின் ஒவ்வொரு இதழும் ரொறன்ரோவின் மக்கள்தொகையைப் பற்றி எழுதும். உங்கள் கோப்பைப் பிரிக்காமல் வைத்திருங்கள். 2021 வரிசைக்குக் கீழே, நேரான மேற்கோள் குறிக்குள் 2026 என்று தட்டி, பக்கத்துக் கட்டத்தில் கமா இல்லாமல் அந்த ஏழாவது எண்ணை இடுங்கள்.